முகத்தில் பொருத்தும் பாலிமர் எலும்போடு ஏன் ஒட்டுவதில்லை?

விபத்தில் கன்ன எலும்பு நொறுங்கியவருக்கும் புற்றுநோயால் தாடையின் ஒரு பகுதியை இழந்தவருக்கும் இன்று அளவெடுத்துச் செய்த செயற்கை எலும்பு கிடைக்கிறது. சி.டி. ஸ்கேன் எடுத்து, முகத்தின் நல்ல பக்கத்தைக் கணினியில் இடவலம் திருப்பி, அந்த வடிவத்தைப் 'பீக்' என்ற பாலிமரில் கடைந்தோ அச்சிட்டோ எடுத்துவிடுகிறார்கள். 1970களின் இறுதியில் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் உருவாக்கிய பொருள் இது.

மருத்துவர்களுக்கு இது பிடித்துப்போனதற்குக் காரணம் இருக்கிறது. டைட்டானியத்தின் விறைப்பு சுமார் 110 கிகாபாஸ்கல். கெட்டியான எலும்புக்கு அது பெரும்பாலும் 20க்குள்தான். விறைப்பான உலோகம் சுமையைத் தானே தாங்கிக்கொண்டால், வேலையில்லாத எலும்பு மெலியத் தொடங்கும். பீக்கின் விறைப்போ 3 முதல் 4 கிகாபாஸ்கல்தான். எக்ஸ்ரே கதிர்களையும் அது மறிக்காது. எனவே புற்றுநோய் திரும்புகிறதா என்று ஸ்கேனில் தெளிவாகப் பார்க்கலாம்.

ஆனால் எலும்பு அதை ஏற்றுக்கொள்வதில்லை. முயலின் கால் எலும்பில் வைத்த டைட்டானியத்தைப் பெயர்த்தெடுக்க முடியாமல் போனதை ஸ்வீடனின் பிரோனேமார்க் 1952இல் கவனித்தார். பல் இம்பிளான்ட் அதிலிருந்துதான் பிறந்தது. சாதாரண பீக் அப்படிப் பிடித்துக்கொள்ளாது. அதற்கும் எலும்புக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு மெல்லிய நார்ச்சவ்வு வளர்ந்துவிடும். பிடிமானம் முழுக்க ஸ்க்ரூக்களை நம்பியே இருக்கும். மூக்கும் சைனஸும் பக்கத்திலேயே இருக்கும் முகத்தில், அந்த இடுக்கு கிருமிகளுக்கு வசதியாகிவிடுகிறது.

கோளாறு மேற்பரப்பில்தான். பீக் வழவழப்பானது, நீரை எளிதில் ஏற்காதது. உள்ளே வைத்த கணமே ரத்தப் புரதங்கள் அதன்மேல் படிகின்றன. எலும்பு செல்கள் பற்றுவது அந்தப் படிவத்தைத்தான். புரதம் சரியாகப் படியாவிட்டால் செல்லும் ஊன்றாது.

இதற்குப் பல வழிகளில் முயல்கிறார்கள். எலும்பிலேயே உள்ள கனிமத்தை ஒத்த ஹைட்ராக்ஸி அபடைட் தூளைப் பாலிமரோடு கலப்பது ஒன்று. தூள் மிகுந்தால் பொருள் நொறுங்கும் தன்மை பெறும். டைட்டானியத்தை உருக்கித் தெளித்துப் பூச்சு கொடுப்பது இன்னொன்று. அது உரிந்து வரும் அபாயம் உண்டு. அடர் கந்தக அமிலத்தில் சில நிமிடங்கள் ஊறவைத்துக் கழுவினால், பீக்கின் மேல்தோலே நுண்துளை வலையாக மாறும். அமில எச்சம் தங்கினால் செல்களுக்குக் கேடு என்பதால், இதில் கழுவுவதுதான் முக்கியம். பிளாஸ்மாவால் (ரத்தத்தில் உள்ளதல்ல, அயனியாக்கிய வாயு) மேற்பரப்பைச் சுரண்டி நீரை ஏற்க வைக்கும் முறையும் உண்டு. நாள்பட வைத்தால் அந்தப் பயன் குறையும்.

ஆய்வகத்தில் எளிதில் கண்ணில் படாத ஒரு சிக்கல் அறுவை அரங்கில் எழுகிறது. எவ்வளவு துல்லியமாகச் செய்தாலும், கடைசி நேரத்தில் விளிம்பைக் கொஞ்சம் தேய்த்துத்தான் பொருத்த வேண்டியிருக்கும். எலும்பைத் தொடுவது அந்த விளிம்புதான். பூச்சு போவதும் அங்கேதான். அதனால்தான் விளிம்பின் உட்புறம் வரை துளைகளோடு அச்சிடும் முறையை நான் அதிகம் நம்புகிறேன். சில நூறு மைக்ரான் அகலத்தில், ஒன்றோடொன்று இணைந்த துளைகள் இருந்தால் ரத்தநாளமும் எலும்பும் உள்ளே புகுந்து வளர முடியும். மேலே தேய்த்தாலும் அடியில் துளை மிஞ்சும். துளை கூடக் கூட வலிமை குறையும் என்பதால், எலும்பைத் தொடும் ஓரங்களில் மட்டும் துளையிட்டு நடுப்பகுதியைக் கெட்டியாக விடலாம். மெல்லும் விசையை அதிகம் வாங்கும் கீழ்த்தாடைக்கு இந்தக் கணக்கு கன்ன எலும்பைவிடக் கடினமானது.