கத்திரி வெயிலுக்குப் போதையில்லா ‘ஒயின்’!

சித்திரை 21 பிறந்துவிட்டால் போதும், சென்னையில் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சுத்தான்: "கத்திரி ஆரம்பிச்சாச்சு!" வைகாசி 14 வரையில் இந்தப் பேச்சு ஓயாது. துணி எடுக்க தி.நகர் போகிறவர்கள் ரங்கநாதன் தெரு முனையிலேயே ‘திரும்பிவிடலாமா’ என்று யோசிப்பார்கள். மயிலாப்பூர் மாட வீதிகளில் கறிகாய் வாங்குகிறவர்கள் எட்டு மணிக்குள் வீடு வந்து சேர்ந்துவிடுவார்கள். அடையாறு பக்கம் குடியிருப்பவர்களோ, கடற்காற்று எப்போது வரும் என்று பால்கனியில் காத்துக்கிடப்பார்கள். 2003-ம் ஆண்டு மே மாதக் கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானதை இன்னும் மறக்காதவர்கள் உண்டு.

இந்த வெயிலில் ஜில்லென்று ஏதாவது தொண்டையில் இறங்காதா என்று ஏங்காத மனசு ஏது? அதற்காகத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் நாம் தேடப்போவது நாக்குக்கு மட்டும் ஜில் அல்ல. வயிற்றையும் கெடுக்காத ஜில்.

ஒயினாவது, மிக்ஸியிலாவது!

வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்திறங்கும் மகளும், மயிலாப்பூர் அம்மாவும் இப்படிப் பேசிக்கொள்வதை இப்போது பல வீடுகளில் கேட்கலாம்.

"அம்மா, அங்கெல்லாம் வெயில் காலத்துல ஒயினை ஃப்ரீசர்ல உறைய வெச்சு, பழத்தோட சேர்த்து மிக்ஸியில அடிச்சுக் குடிக்கிறா, தெரியுமோ?"

"நன்னா இருக்குடி கதை! ஒயினாவது, நம்மாத்து மிக்ஸியிலாவது! அப்பா காதுல விழப்போறது!"

மகள் சொல்வது கட்டுக்கதை அல்ல. 1971-ல் அமெரிக்காவின் டல்லஸ் நகரத்தில் உணவு விடுதி நடத்திவந்த மரியானோ மார்ட்டினெஸ் என்பவர், ஐஸ்கிரீம் மெஷின் ஒன்றை மாற்றியமைத்து, மதுவும் பழரசமும் சேர்ந்த உறைபானத்தை அதிலிருந்து பிடித்துக் கொடுக்க ஆரம்பித்தார். அந்த மெஷின் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இளஞ்சிவப்பு ஒயினை உறையவைத்து அடிக்கும் ‘ஃப்ரோஸே’, 2016 வாக்கில் நியூயார்க்கில் பிரபலமாகிப் பல நாடுகளுக்கும் பரவியது.

அந்த ஊருக்கு அது. நம் கத்திரிக்கு அது சரிப்படுமா? வெயில் நேரத்துக்குச் சரிப்படவே படாது. காரணம் ஆசாரம் மட்டுமல்ல, உடம்பும்தான். மது உள்ளே போனால், சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் அடங்கிவிடுகிறது. வழக்கத்தைவிட அதிகமான தண்ணீர் வெளியேறுகிறது. ஏற்கெனவே வியர்வையில் நீரையும் உப்பையும் இழந்து நிற்கும் உடம்புக்கு இது இரட்டை நஷ்டம். கோடையில் மது, காபி, டீ, காற்றடைத்த சோடா பானங்களைத் தவிர்த்து, மோர், எலுமிச்சைச் சாறு, கஞ்சித் தண்ணீர் குடியுங்கள் என்றுதான் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் சொல்கிறது. ‘அப்படியானால் நாமே திராட்சையைப் புளிக்கவைத்தால் என்ன?’ என்று யாராவது கேட்டால், 1937-ம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தை ஞாபகப்படுத்துங்கள். அனுமதியில்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம்.

ஆனால் மகள் ஏமாற வேண்டாம். போதையை எடுத்துவிட்டு, அந்த நிறத்தையும் மணத்தையும் நொறுநொறுப்பையும் மட்டும் நம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

கடல் கடந்து வந்த ஐஸ்

ஐஸ் என்பது ஒரு காலத்தில் சென்னையில் பெரும் பணக்காரர்களின் சொத்து. அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கடலில் கொண்டுவந்தார் ஃபிரடெரிக் டியூடர் என்ற வியாபாரி. அதைச் சேமித்துவைக்க 1842-ல் நம் கடற்கரையோரம் எழுந்த கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ். பிறகு மெஷினில் ஐஸ் தயாராக ஆரம்பித்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. கட்டடத்தை வக்கீல் பிலிகிரி ஐயங்கார் வாங்கினார். 1897-ல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம்.

இப்போது வீட்டுக்கு வீடு ஃப்ரிட்ஜ். ஐஸ் என்பது பெரிய விஷயமே இல்லை. ஆனால் அந்த ஐஸ் எந்தத் தண்ணீர் என்பதுதான் பெரிய விஷயம்!

‘உறைந்துவிட்டால் கிருமி செத்துவிடும்’ என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இது தவறு. குளிர் கிருமிகளைத் தூங்கவைக்கும், அவ்வளவுதான். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் வைரஸும், டைபாய்டு கிருமியும் ஐஸில் உயிரோடு இருக்கக்கூடியவை. தம்ளரில் ஐஸ் கரையக் கரைய அவையும் விழித்துக்கொள்ளும். தெருவில் சாக்குப்பையில் சுற்றிக் கொண்டுவரும் ஐஸ் பாளம் மீனைப் பாதுகாக்கத் தயாரானதாகக்கூட இருக்கலாம். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வெயிலில் குழந்தை ‘ஜூஸ், ஜூஸ்’ என்று அழும்போது இதை யோசிக்கத் தோன்றாது. பத்து ரூபாய் மிச்சம் பார்த்து, பரீட்சை லீவு முழுக்கக் குழந்தையைப் படுக்கையில் போடலாமா?

ஆகவே நம் உறைபானத்தின் முதல் விதி: ஐஸைச் சேர்க்காதீர்கள், பானத்தையே ஐஸாக்குங்கள். தண்ணீர் எதுவானாலும், மெட்ரோ தண்ணீரோ, லாரித் தண்ணீரோ, கேன் தண்ணீரோ, தளதளவென்று ஒரு நிமிஷமாவது கொதித்து ஆறியிருக்க வேண்டும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஐஸ் போட்ட ஜூஸ் கரையக் கரையச் சப்பென்று ஆகிவிடும். ஜூஸே ஐஸானால் கடைசிச் சொட்டு வரை ருசி மாறாது.

ஏன் கல்லாக உறைவதில்லை?

வெறும் தண்ணீர் 0 டிகிரியில் கல்லாகிவிடும். அதில் சர்க்கரையோ உப்போ கரைந்திருந்தால், உறைய இன்னும் அதிகக் குளிர் வேண்டும். தண்ணீர் மட்டும் சின்னச் சின்னப் படிகமாக உறைய, இடையே சர்க்கரைப் பாகு கொஞ்சம் திரவமாகவே தங்கிவிடும். அதனால்தான் உறைந்த பழரசம் மிக்ஸியில் மணல்போல உதிர்கிறது. ஒயினில் இந்த வேலையைச் செய்வது ஆல்கஹால். நமக்கு அதைச் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் செய்துகொடுத்துவிடும். சர்க்கரையை ஒரேயடியாகக் குறைத்தால் கல்லாகும். அள்ளிக் கொட்டினால் உறையவே உறையாது.

1. பன்னீர் திராட்சை உறைபானம்

தண்ணீர்த்துறை மார்க்கெட்டிலும் தள்ளுவண்டிகளிலும் கிடைக்கும் விதையுள்ள கறுப்புப் பன்னீர் திராட்சைதான் இதற்கு ஏற்றது. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் விளைவது. 2023-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ‘மஸ்கட் ஹாம்பர்க்’ என்பது இதன் ரகப் பெயர். நல்ல நிறம், நல்ல மணம், லேசான புளிப்பு; ஒயின் ஞாபகம் வரவழைக்க வேறென்ன வேண்டும்?

தேவை: பன்னீர் திராட்சை அரை கிலோ, சர்க்கரை 4 மேஜைக்கரண்டி, எலுமிச்சம்பழம் பாதி, இந்துப்பு ஒரு சிட்டிகை, புதினா நாலைந்து இலை.

திராட்சையை உப்புத் தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறவைத்து, குழாயடியில் இரண்டு மூன்று தடவை அலசுங்கள். ஒரு தம்ளர் தண்ணீர் விட்டு, தோல் வெடித்து நிறம் இறங்கும்வரை ஐந்தாறு நிமிஷம் கொதிக்கவிடுங்கள். மத்தால் மசித்து வடிகட்டுங்கள். விதையோடு மிக்ஸியில் அடித்துவிடாதீர்கள், கசந்துவிடும். சூட்டோடு சர்க்கரை, உப்பைக் கரைத்து, ஆறியபின் எலுமிச்சைச் சாறு பிழிந்து, ஐஸ் தட்டில் ஊற்றி ராத்திரி ஃப்ரீசரில் வையுங்கள்.

மறுநாள் வெளியே எடுத்துப் பத்து நிமிஷம் கழித்து, கால் தம்ளர் ஜில் தண்ணீரும் புதினாவும் சேர்த்து மிக்ஸியில் போடுங்கள். ஜார் பாதிக்கு மேல் நிறைய வேண்டாம். குமிழை விட்டு விட்டுத் திருப்புங்கள். தொடர்ந்து ஓட்டினால் சூட்டில் உருகிப் போகும், மோட்டாருக்கும் சிரமம். நாலு பேருக்கு அளவாக வரும்.

2. ஜிஞ்சர் ஒயின் உறைபானம்

பெயரில்தான் ஒயின், போதை கிடையாது! வேப்பேரி, பெரம்பூர், பரங்கிமலை பக்கத்து ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களில் கிறிஸ்துமஸ் விருந்தோடு ஜீரணத்துக்காகக் கொடுக்கிற இஞ்சிச் சாறு இது. டிசம்பரில் குடிப்பதைக் கத்திரிக்கு உறையவைத்துப் பாருங்கள்.

தேவை: இளசான இஞ்சி 100 கிராம், சர்க்கரை ஒன்றரை தம்ளர், கிராம்பு 4, பட்டை ஒரு துண்டு, காய்ந்த மிளகாய் 1, எலுமிச்சம்பழம் 3, தண்ணீர் 4 தம்ளர்.

இஞ்சியைத் தோல் சீவித் தட்டி, கிராம்பு, பட்டை, மிளகாயோடு கால் மணி கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். இரண்டு கரண்டிச் சர்க்கரையை மட்டும் தனியாக வாணலியில் பழுப்பாக உருகவிட்டு, வெந்நீரைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள் (தெறிக்கும், ஜாக்கிரதை!). ஒயின் நிறம் இதிலிருந்துதான் வருகிறது. மீதிச் சர்க்கரையையும் இதையும் இஞ்சிச் சாற்றில் கரைத்து, ஆறியபின் எலுமிச்சை பிழியுங்கள். ஒரு பங்குக்கு ஒரு பங்கு காய்ச்சி ஆறிய தண்ணீர் கலந்து உறையவைத்து, முன்போலவே அடித்துக்கொள்ளுங்கள்.

ராமநவமிப் பானகத்தையும் இதே மாதிரி உறையவைக்கலாம். வெல்லமும் சுக்கும் ஏலமும் ஏற்கெனவே ஜோடி சேர்ந்தவைதானே!

3. சர்க்கரைக்காரர்களுக்கு

"எல்லாரும் குடிக்கிறச்சே நான் மட்டும் வாயைப் பார்த்துண்டு உட்காரணுமா?" என்று தாத்தா கேட்கும் முன்பே அவருக்கும் ஒன்று தயார் செய்துவிடுங்கள். திராட்சைச் சாற்றில், சர்க்கரை போடாவிட்டாலும், இயற்கைச் சர்க்கரை ஏராளம். ஆகவே அவருக்கு நீர்மோர். நன்றாகக் கடைந்த மோரில் இஞ்சி, கறிவேப்பிலை, உப்பு சேர்த்து வடிகட்டி ஐஸ் தட்டில் உறையவைத்து, வெள்ளரிக்காய் நாலு துண்டோடு மிக்ஸியில் ஒரு சுற்று. ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு உப்பைக் குறையுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எதை எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்வதே நல்லது.

சில எச்சரிக்கைகள்

* கண்ணாடி பாட்டிலில் நிறைய ஊற்றி ஃப்ரீசரில் வைக்காதீர்கள். உறையும்போது விரிந்து பாட்டில் வெடிக்கும்.

* உருகிய பானத்தை மறுபடி உறையவைக்காதீர்கள். அன்றாடம் வேண்டியதை மட்டும் எடுங்கள்.

* கைக்குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பாலே போதும். ஒரு வயது வரை பழச்சாறே வேண்டாம்.

* குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் இந்தப் பானங்களை மருந்தாக நினைக்காதீர்கள். சர்க்கரை அதிகமானால் போக்கும் அதிகமாகும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை, அதில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, டாக்டரிடம் காட்டுங்கள்.

* வெயிலில் போய் வந்தவர் உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சு குழறி, மயங்கினால் அது வெப்பத் தாக்கு. வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 108-க்குப் போன் செய்துவிட்டு, நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள்.

* தாகத்துக்கு முதலில் தண்ணீர், அப்புறம்தான் உறைபானம். ஒரு வேளைக்கு ஒரு சின்னத் தம்ளர் தாராளம்.

ஒரு காலத்தில் ஐஸுக்காகக் கப்பல் பாஸ்டனிலிருந்து வரவேண்டியிருந்தது. இன்று நமக்கு வேண்டியது அரை கிலோ திராட்சையும், காய்ச்சி ஆறிய தண்ணீரும், ஒரு ராத்திரிப் பொறுமையும்தான். இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்து பாருங்கள். "இது என்ன, ஒயின் மாதிரி இருக்கே!" என்று வீட்டுக்காரர் கேட்டால், சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி போடுங்கள், பதில் சொல்ல அவசரமில்லை!