சீமெந்து வந்த பிறகு

பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வன்னிக்குள் வரக்கூடாத சாமான்களில் சீமெந்தும் ஒன்று. மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும் பட்ட பாட்டில் அது பலருக்கு மறந்துபோயிருக்கும். கோயில் கட்ட ஆசைப்பட்டவர்களுக்கு மறக்காது. 1995 ஒக்ரோபர் கடைசியில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு கிளாலிக் கடல் தாண்டி வந்த சனமும், 1996இல் இராணுவத்தின் சத்ஜய நடவடிக்கையோடு கிளிநொச்சியை விட்டு ஸ்கந்தபுரம், அக்கராயன், மல்லாவி என்று ஓடிய சனமும் கிடுகுக்குக் கீழேதான் பூசை கண்டார்கள். ஒரு மேசை, அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி, ஒரு மரச்சிலுவை. இடம்பெயரும்போது இவ்வளவும் ஒரு சைக்கிள் கரியரில் அடங்கிவிடும். ஒலிபெருக்கி என்றால் சுவாமியின் தொண்டைதான்.

பங்கருக்குள் சொன்ன செபமாலை வேறு வகை. கிபிர் விமானம் இரைகிற நேரம் முழந்தாளிட இடமிருக்காது. குந்திக்கொண்டு, பிள்ளையின் தலையை மடிக்குள் அமத்திக்கொண்டு, மணிகள் அறுந்து தொலைந்ததால் விரலை மடக்கி எண்ணிக்கொண்டு சொன்னது அது. பக்கத்தில் இருந்தவள் சைவக்காரி என்றாலும் சேர்ந்து சொன்னாள். பயத்தில் சொன்னதெல்லாம் பக்தி என்று எழுத நான் தயாரில்லை. போர் முடிந்து அடைபட்டிருந்த முகாமின் கம்பிவேலியைத் தாண்டியதும் கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்களையும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த இருட்டில் யாருக்கும் காட்டுவதற்காக யாரும் செபிக்கவில்லை. அவ்வளவு நிச்சயம்.

சுவாமிமாரில் பலர் சனத்தோடேயே நின்றார்கள். உருத்திரபுரம் பங்குத்தந்தை சரத்ஜீவன் அடிகளார் கடைசிவரை நின்று, 2009 மே 18இல் மக்களோடு வெளியேறிய வழியில் மாரடைப்பால் இறந்தார். அதே நாள் வட்டுவாகலில், இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு போன பிரான்சிஸ் ஜோசப் அடிகளார் இன்றுவரை திரும்பவில்லை. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக இருந்தவர் அவர்.

இப்போது சீமெந்துக்குப் பஞ்சமில்லை. கனடா, சுவிஸ், லண்டன் காசில் கோபுரமும் மாபிளும் எழும்பியிருக்கின்றன. கட்டட்டும், தறப்பாளுக்குக் கீழே கிடந்த சனத்துக்கு ஒரு நல்ல கூரை வேண்டாமா? எனக்கு உறுத்துவது வாசல் கல்வெட்டு. யேசுவின் பெயரைவிட உபயகாரரின் பெயர் பெரிய எழுத்தில் நிற்கிறது. கொடியேற்றம் முகநூலில் நேரலையாகப் போகிறது, தலைக்கு மேலே ட்ரோன் சுற்றுகிறது, பிரசங்கத்துக்கு முன்னால் எந்த நாட்டிலிருந்து யார் எவ்வளவு தந்தார் என்று ஒலிபெருக்கியில் வாசிக்கிறார்கள். தருமம் செய்யும்போது எக்காளம் ஊதாதே என்று மலைப்பிரசங்கத்தில் இருக்கிறது. அதே மைக்கில்தான் அதையும் வாசிக்கிறோம்.

புதிய சபைகளையும் விடுவதற்கில்லை. சுகமளிக்கும் கூட்டத்துப் பதாகையில் பாஸ்ரரின் முகம் ஆளுயரத்துக்கு இருக்கிறது. சிலுவையை மூலையில் தேட வேண்டும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். போர் முடிந்த கையோடு விதவைகளின் கொட்டில்களுக்குள் போய்க் குந்தியிருந்து கதை கேட்டவர்களில் இந்தச் சபைக்காரரும் உண்டு. எங்கள் பழைய பங்குகள் சில அப்போது கட்டட நிதிக்கு ரசீதுப் புத்தகம் அடித்துக்கொண்டிருந்தன.

வெளியில் தெரிவதெல்லாம் பொய் என்பதல்ல என் கட்சி. 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது மடு மாதாவின் சுருவத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். ஓகஸ்டில்தான் அது மடுவுக்குத் திரும்பியது. சுருவமும் வெளிப் பொருள்தான். உயிர் தப்புகிற நேரத்தில் அதை நினைத்தவர்களை யார் வேடக்காரர் என்பது?

கிளிநொச்சி நகரக் கோயிலின் பாதுகாவலி புனித திரேசாள். பிரான்சின் லிசியே நகரத்துக் கார்மேல் மடத்துக்குள் அடைந்து கிடந்து, சின்னச் சின்ன வேலையை அன்போடு செய்வதே தன் வழி என்றிருந்தவர். 1897இல் காசநோயால் 24 வயதில் போய்விட்டார். அவரைப் பாதுகாவலியாகக் கொண்ட ஊரில் நாங்கள் இவ்வளவு சத்தம் போடுகிறோம்.

இங்கே நுண்கடனில் மாட்டிய பெண்கள் நிறையப் பேர். காசு சேர்க்க வருகிறவன் கோயிலடியில் பிடித்துவிடுவான் என்று ஞாயிறு பூசையையே விட்டவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். திருவிழா நெருங்கியதும் உபயம் கேட்டு அடித்த துண்டு அவர்களின் வீட்டுப் படலைக்கும் போகிறது. ஏன் பூசைக்குக் காணவில்லை என்று அந்தத் துண்டைக் கொண்டுபோகிறவர் கேட்பதில்லை.