தட்டு மாறியது, படி மாறவில்லை

பெங்களூரு சிவாஜிநகர்ப் பக்கத்துப் பழைய சைவ ஹோட்டல்களின் வாசலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சாக்கடைமேல் பாவிய கல், அதற்குமேல் இரண்டு மூன்று படி, ஏறியதும் கல்லா. நடக்க முடியாதவர் வந்தால் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய் உட்காரவைப்பார்கள். ஆள் கிடைக்காவிட்டால் பார்சல்தான். ஆனாலும் உட்கார்ந்துவிட்டால் சர்வர் தேடி வந்து பரிமாறுவார்.

1983-ல் ஜெயநகரில் கபே தர்ஷினி வந்தது. டோக்கன் வாங்கி, தட்டை நீங்களே எடுத்து, நின்றபடி சாப்பிட்டுப் போகும் அந்த முறை ஊர் முழுக்கப் பரவியது. விலை குறைவு, வேகம் அதிகம். ஆனால் நிற்பவரின் மார்பளவு மேசை சக்கர நாற்காலியில் இருப்பவரின் முகத்துக்கு நேராக நிற்கும். டோக்கன் கவுன்டரும் அப்படியே. போதாக்குறைக்கு, கொண்டுவந்து தரும் சர்வரும் போய்விட்டார்.

இன்று தட்டில் எவ்வளவோ மாற்றம். இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னி பெரும்பாலும் வீகன்தான், அதாவது பால், நெய்கூடச் சேராதவை. தோசைக்கு வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய், பொங்கலுக்கு நெய் வேண்டாம் என்றால் முடிந்தது. வீகன் உணவுக்கென்று 2022-ல் மத்திய அரசு தனி விதிகளும் முத்திரையும் கொண்டுவந்தது.

வாசலுக்கும் சட்டம் இருக்கிறது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியார் நிறுவனங்களையும் சேர்த்துத்தான் பேசுகிறது. வெறும் வழிகாட்டுதல் போதாது, கட்டாய விதி வேண்டும் என்று 2024 நவம்பரில், அணுகல் வசதி குறித்த ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இடம்தான் இடிக்கிறது. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளச் சாய்தளம் என்பது கணக்கு. அரையடிப் படிக்கே ஆறடி வேண்டும். ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சுற்றிய சந்துகளில் அந்த ஆறடிக்கு எங்கே போவது? அதனால் மிகச் சரிவாக ஓர் இரும்புத் தகட்டைச் சாய்த்துவைத்து, அதையே சாய்தளம் என்கிறார்கள். பின்னால் தள்ள ஆளில்லாமல் அதில் ஏற முடியாது. இறங்குவது அதைவிட ஆபத்து.

எல்லாவற்றுக்கும் இடத்தையே காரணம் சொல்ல முடியாது. ஒரே ஒரு மேசையைத் தாழ்வாக, அடியில் முழங்கால் நுழையும்படி போடலாம். வாசலை மறைக்கும் போர்டை நகர்த்தலாம். கேட்டால் மேசைக்கே கொண்டுவந்து தரலாம். இதற்கெல்லாம் கட்டடத்தை இடிக்க வேண்டியதில்லை.

வாடிக்கையாளர் கேட்டுக் கேட்டுத்தான் நெய்யில்லாத பொங்கல் வந்தது. அடுத்த முறை பில் கட்டும்போது, ‘வீல்சேர் உள்ளே வருமா?’ என்று முதலாளியிடம் நீங்களும் கேளுங்கள். அந்தக் கேள்வியை வீல்சேரில் வருபவர் மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கும்வரை படி அங்கேயேதான் இருக்கும்.