மடியில் உட்கார்ந்து போன கார்கள்

போன மே மாதம் அக்கா மகளுடைய காரில் ஏற்காட்டுக்குப் போனோம். அவள்தான் ஓட்டினாள். முன்னால் அவள் பக்கத்தில் என் அம்மா. பின்னால் நானும் அவளுடைய ஒன்றரை வயதுப் பையனும். அவனுக்கென்று தனியாக ஒரு குட்டி சீட். தோளுக்கும் இடுப்புக்கும் பட்டை. சேலத்திலிருந்து மேலே ஏற 20 கொண்டை ஊசி வளைவுகள். மூன்றாவது வளைவிலேயே பையன் அழ ஆரம்பித்துவிட்டான். எனக்கு மனசு கேட்கவில்லை. பட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளப் போனேன்.

"சித்தி, எடுக்காதீங்க. மேலே இடம் கிடைச்சதும் நிறுத்துறேன்" என்றாள், கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே.

எனக்குச் சுருக்கென்றது. "ஏண்டி, நாங்களெல்லாம் எங்கம்மா மடியில உட்கார்ந்துதானே இதே மலை ஏறினோம்? என்ன கெட்டுப் போயிட்டோம்?" என்று கேட்டும் விட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. அம்மாவும் பேசவில்லை. அம்மா பேசாமல் இருந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை. மனசு பழைய கார்களுக்குப் போய்விட்டது.

நான் 1978-ல் பிறந்தவள். என் வயசுக்காரிகளுக்குக் கார் என்றால் முதலில் கண்முன் வருவது அம்பாசிடர்தான். கல்கத்தா பக்கத்து உத்தர்பாராவில், மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற ஆங்கிலேயக் காரைப் பார்த்துச் செய்த வண்டி. 1950-களின் கடைசியில் வந்து 2014 வரைக்கும் கிட்டத்தட்ட அதே மூஞ்சியோடு ஓடியது! எங்கள் பெரியப்பாவிடம் ஒன்று இருந்தது. வெள்ளை நிறம். குடும்பத்தில் யாருக்குக் கல்யாணம், யாருக்குப் பிரசவம் என்றாலும் அதுதான் வாசலுக்கு வரும்.

அதில் எத்தனை பேர் போவோம் என்று நினைக்கிறீர்கள்? பெரியவர்கள் ஏழு, குழந்தைகள் ஐந்து. பொய்யில்லை. முன்சீட்டு இப்போது மாதிரி இரண்டாகப் பிரிந்திருக்காது. திண்ணை போல ஒரே நீளப் பலகை. கியர் கம்பியும் தரையில் கிடையாது, ஸ்டியரிங்குக்குக் கீழே பக்கவாட்டில் இருக்கும். அதனால் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் நடுவே ஒருவர், ஓரத்தில் ஒருவர், அவர்கள் மடியில் ஆளுக்கொரு பிள்ளை. பின்னால் பாட்டி, பெரியம்மா, அத்தை வரிசையாக உட்கார்ந்தால், நாங்கள் அவர்கள் முழங்காலுக்கு முன்னால் நின்றுகொண்டே வருவோம். டிக்கியில் புளிசாதத் தூக்கு, தண்ணீர்க் கூஜா, ஜமக்காளம்.

ஏ.சி. எங்கே இருந்தது? முன்கதவில் சின்ன முக்கோணக் கண்ணாடி ஒன்று உண்டு. அதைத் திருப்பினால் காற்று நேராக முகத்தில் அடிக்கும். வாந்தி வருகிறது என்று சொல்கிற குழந்தைக்குத்தான் அந்த இடம். கையில் ஒரு எலுமிச்சம்பழம். அந்த இடத்துக்காகவே நான் பல தடவை பொய்யாக வயிற்றைப் பிடித்திருக்கிறேன்.

வெயில் காலத்தில் மலையேறும்போது வண்டி திடீரென்று முக்கி முனகி நின்றுவிடும். சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிப் போய், இன்ஜினுக்கு ஏறாது. பெரியப்பா பானெட்டைத் திறந்து, "ஒரு ஈரத்துணி குடும்மா" என்று கேட்பார். அம்மா தம்பிக்கு மாற்ற வைத்திருக்கும் துணியை நனைத்துக் கொடுப்பாள். அதைப் பெட்ரோல் பம்பின் மேல் போர்த்திக் கால் மணி நேரம் காத்திருந்தால் கிளம்பிவிடும். அந்தக் கால் மணி நேரத்தில்தான் புளிசாதம் தீரும்.

எங்கள் தெரு லேடி டாக்டர் பத்மினி வைத்திருந்தார். பம்பாய் பிரீமியர் கம்பெனி செய்த பியட் கார்தான். 1970-களில் பெயரை மாற்றினார்கள். சித்தூர் ராணி பத்மினியின் பெயராம். நாங்கள் வெகுநாள் நடிகை பத்மினியின் பெயர் என்றே நம்பிக்கொண்டிருந்தோம். டாக்டரம்மா புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு தானே ஓட்டிப் போவதைப் பார்க்கவே தெருப் பெண்கள் வாசலுக்கு வருவார்கள். பம்பாயில் கறுப்பு மஞ்சள் டாக்சியாக ஓடிக்கொண்டிருந்த கடைசிப் பத்மினிகளும் 2023 அக்டோபரோடு ஓய்வு பெற்றுவிட்டன. செய்தியைப் படித்தபோது டாக்டரம்மாவின் செருகிய தலைப்புதான் நினைவுக்கு வந்தது.

நம் சென்னையிலேயே செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் அப்போது அங்கங்கே கண்ணில் படும். அதில் பானெட் மட்டும் திறக்காது. முன்பக்கம் முழுவதும் சக்கரத்து மேல்மூடியோடு சேர்ந்து முதலை வாய் மாதிரித் தூக்கிக்கொள்ளும். பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு மெக்கானிக் கடையில் அப்படி நிற்பதைப் பார்த்துவிட்டு வகுப்புக்குத் தாமதமாகப் போய் அடி வாங்கியிருக்கிறேன்.

பிறகு மாருதி 800. 1983 டிசம்பரில் இந்திரா காந்தி முதல் வண்டியின் சாவியைக் கொடுத்தார். விலை ஏறக்குறைய 47,500 ரூபாய். எங்கள் அப்பா வாங்கியது 1996-ல், அதுவும் ஒருவர் ஓட்டிய வண்டி. அதில் முன்சீட்டு இரண்டாகப் பிரிந்து, நடுவில் கியர் வந்து உட்கார்ந்துகொண்டது. "என்னங்க இது, குருவிக்கூடு மாதிரி!" என்றாள் அம்மா. ஆனால் நான் கார் ஓட்டப் பழகியது அந்தக் குருவிக்கூட்டில்தான்.

இதையெல்லாம் நினைத்து நான் உருகிக்கொண்டிருக்கும்போதே அக்கா மகள் அகலமான ஓரிடத்தில் வண்டியை நிறுத்தினாள். பையனைத் தூக்கித் தோளில் போட்டு, தண்ணீர் கொடுத்து, குரங்கு காட்டினாள். அழுகை நின்றது. அப்புறம்தான் என்னிடம் வந்தாள்.

"கோவமா சித்தி? இவன் பத்து கிலோ இருக்கான். ஓடுற வண்டி சட்டுனு எதிலாவது மோதி நின்னா, உள்ளே இருக்கறவங்க அதே வேகத்துல முன்னால போவாங்க. அந்த நொடியில பத்து கிலோ, பத்து கிலோவா இருக்காது. பல மடங்கு இழுக்கும். எந்த அம்மா கையாலயும் பிடிச்சு நிறுத்த முடியாது. பயில்வானாலயும் முடியாது."

இன்னும் சொன்னாள். கைக்குழந்தைக்குத் தலை கனம், கழுத்து பலமில்லை. அதனால் அந்த சீட்டைப் பின்பக்கம் பார்த்தபடி, காரின் பின்சீட்டில்தான் மாட்ட வேண்டுமாம். முன்னால் ஏர்பேக் இருக்கிற சீட்டில் அப்படி வைக்கவே கூடாதாம். 2019-ல் திருத்திய சட்டப்படி 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைப் பெல்ட்டோ, குழந்தை சீட்டோ இல்லாமல் கூட்டிப் போனால் 1000 ரூபாய் அபராதம். கைக்குழந்தைக்காரிகள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இத்தனை நாள் தெரியாது.

ஆனால் அந்த நேரத்தில் என் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். எந்த அம்மா கையாலயும் முடியாது.

1988 ஆடிப்பெருக்குக்கு மேட்டூர் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம், அதே அம்பாசிடரில். முன்சீட்டில் ஓரமாக அம்மா, மடியில் இரண்டு வயசுத் தம்பி. வழியில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. பெரியப்பா பிரேக்கை அழுத்தினார். ஒன்றும் பெரிய வேகமில்லை. தம்பி அம்மா கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் டாஷ்போர்டு விளிம்பில் மோதினான். நெற்றியில் ஐந்து தையல். அவ்வளவோடு போயிற்று, கடவுள் காப்பாற்றினார். அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது, புருவத்துக்கு மேலே. அவனுக்கு அந்த நாள் ஞாபகமே இல்லை. ஆனால் அம்மா? "அரைத் தூக்கத்துல இருந்துட்டேன். பிடியை விட்டுட்டேன்" என்று எத்தனை வருஷம் சொல்லியிருக்கிறாள்! பாட்டியும் அதைச் சொல்லிக் காட்டியிருக்கிறார். "பிள்ளையைப் பிடிக்கத் தெரியல" என்று ஒரு தீபாவளியன்று எல்லார் முன்னாலும் சொன்னது எனக்கே நினைவிருக்கிறது. நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

அந்தக் காரில் பெல்ட்டே கிடையாது. முன்சீட்டுக்குப் பெல்ட் வைத்துத்தான் வண்டி செய்ய வேண்டும் என்ற விதி நம் நாட்டில் 1994-ல்தான் வந்தது. பின்சீட்டுக்கு 2002. ஆறு வருஷம் கழித்து வரப்போகிற பெல்ட்டின் வேலையை அம்மாவின் இரண்டு கைகள் செய்யவில்லை என்று முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் குற்றம் சொல்லியிருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் பங்கில் வண்டி நின்றால் நாங்கள் எல்லோரும் தலையை வெளியே நீட்டி அந்த வாசனையை இழுப்போம். அப்போதைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. புகையோடு வந்து காற்றில் கலந்து குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் விஷம் அது. நாடு முழுவதும் அதை நிறுத்தியது 2000 பிப்ரவரியில்தான். என்னதான் தெரிந்தாலும், அந்த வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்குப் புளிசாதம் ஞாபகம் வருகிறது. என்ன செய்வது!

மறுபடி வண்டியில் ஏறுமுன் அம்மாவிடம் சொன்னேன். "அம்மா, அன்னிக்கு நீ தூங்காம இருந்திருந்தாலும் தம்பியைப் பிடிச்சிருக்க முடியாதாம்மா. யாராலயும் முடியாதாம்."

அம்மாவுக்கு 74 வயசு. கொஞ்ச நேரம் பள்ளத்தாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ சும்மா எனக்காகச் சொல்றே" என்றாள்.

"இல்ல பாட்டி, நிஜம்தான்" என்றாள் பேத்தி.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. முன்சீட்டுக்குப் போகாமல், "நான் பின்னால உட்கார்ந்துக்கறேன்" என்று கொள்ளுப்பேரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பையனை சீட்டில் வைத்ததும் பட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். கொக்கி மாட்டும் சத்தம் கேட்டதும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"இதைக் கழட்டறது எப்படின்னு எனக்கும் காட்டு" என்றாள்.