வத்தல்மலைக்குக் காமிராவுடன் போகிறீர்களா? பேட்டரி "படுத்துவிடாமல்" இருக்க வழி இதோ!

தர்மபுரி:

தர்மபுரியில் இருந்து சுமார் 25 கிலோ மீட்டர் தூரத்தில் உள்ளது வத்தல்மலை. கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனால் காபித் தோட்டம், மிளகுக் கொடி, சாமை வயல், மூடுபனி! காமிராக்காரர்களுக்குக் கொண்டாட்டம்தான்.

ஆனால் மேலே போய் நாலு படம் எடுப்பதற்குள் சிலருடைய காமிரா கண்ணை மூடிக்கொள்கிறது. "ராத்திரி பூரா சார்ஜ் போட்டேனே, எங்கே போச்சு?" என்று தலையில் கை வைக்கிறார்கள்.

சுற்றுலா வந்தவருக்கு இது வெறும் ஏமாற்றம். கல்யாணப் படம் எடுக்க வந்தவருக்கோ பிழைப்பே போய்விடும். தாலி கட்டும் நேரம் இரண்டாம் தடவை வராது!

குளிர் செய்யும் வேலை

இப்போதைய காமிராக்களில் பெரும்பாலும் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. 1991-ல் சோனி கம்பெனி இதைக் கடைக்குக் கொண்டு வந்தது. குளிரில் இதன் உள்ளே நடக்கும் ரசாயன வேலை மந்தமாகிவிடும். சார்ஜ் இருந்தும் வெளியே வராது.

இப்படி நின்றுபோனால் "பேட்டரி செத்துப்போச்சு" என்று முடிவு கட்டவேண்டாம். சட்டையின் உள்பையில் வைத்து உடம்புச் சூடு ஏற்றுங்கள். மறுபடியும் கொஞ்ச நேரம் ஓடும். உதிரி பேட்டரியையும் அங்கேயே வையுங்கள்.

திருடர்கள் யார்?

பழி முழுவதையும் குளிர் மேல் போட முடியாது. பின்பக்கத் திரைதான் முதல் திருடன். எடுத்த படத்தை உடனுக்குடன் போட்டுப் பார்க்கிற பழக்கத்தை விடுங்கள். வைபை, புளூடூத் இரண்டையும் அணையுங்கள்.

மூடுபனியில் லென்சு, எதைப் பிடிப்பது என்று தெரியாமல் முன்னும் பின்னும் ஓடும். அதற்கும் மின்சாரம்தான் செலவு. போகஸை உங்கள் கையாலேயே வையுங்கள். பனியில் பிளாஷ் அடித்தால் வெள்ளையாகத் திருப்பி அடிக்கும். படமும் கெடும், சார்ஜும் போகும்!

மிர்ரர்லெஸ் காமிராவில் கண் வைத்துப் பார்க்கும் ஜன்னலும் மின்திரைதான். அதை வைத்திருப்பவர்களுக்கு உதிரி பேட்டரி கட்டாயம்.

பழைய பாடம் வேண்டாம்

"முழுசா தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போடணும்" என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். அது நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பாடம். லித்தியம் பேட்டரியை அடிக்கடி அடிமட்டம் வரை காலி செய்தால் அதன் ஆயுள்தான் குறையும். பாதியில் சார்ஜ் போடுவது தப்பே இல்லை.

குளிர் தற்காலிகமாக மந்தப்படுத்தும். வெயிலோ நிரந்தரமாகக் கெடுக்கும். கீழே காரை வெயிலில் நிறுத்தி, உள்ளே பேட்டரியை விட்டுப் போகாதீர்கள். பல வாரம் காமிராவைத் தொடப் போவதில்லை என்றால், பாதி சார்ஜுடன் கழற்றிக் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

உஷார்!

பேட்டரியைச் சில்லறை, சாவியோடு ஒரே பையில் போடக்கூடாது. உலோகம் பட்டு "ஷார்ட்" ஆனால் தீப்பிடிக்கும். வீங்கிய பேட்டரியைக் குத்தவோ, அமுக்கவோ, சார்ஜ் போடவோ கூடாது. குப்பைத் தொட்டியிலும் வீசக்கூடாது. மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

ஒரு பேட்டரி மிச்சம் பிடிக்கப் போய், கையைச் சுட்டுக்கொள்ள வேண்டாம்!