உண்டது உடம்பில் ஒட்டணும்: எடை குறைந்த பிள்ளையைத் தேற்றுவது எப்படி?



சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் எழுதி முடித்து நோட்டை மூடுன பிறகுதான் நம்ம கூட்டத்தில் உண்மையான பேச்சு ஆரம்பிக்கும். அந்தப் பேச்சில் மாதம் தவறாமல் வருகிற கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளை நல்லாத்தான் சாப்பிடுது, ஆனா உடம்பே தேற மாட்டேங்குது. என்ன டானிக் வாங்கிக் கொடுக்கலாம்?" டானிக்குக்கும் மாவு டப்பாவுக்கும் குழுவில் கடன் எடுத்தவர்கள்கூட இருக்கிறார்கள். ஆனால் அதே வீட்டுச் சுவர் ஓரத்தில் நிலக்கடலை மூட்டை இருக்கும். கொல்லையில் முருங்கை இருக்கும். நாலு கோழியும் மேயும்.

இது ஒரு வீட்டுப் பிரச்சினை இல்லை. 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட 100 குழந்தைகளில் 22 பேர் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள். உங்கள் தெருவில் ஐந்து குழந்தை விளையாடினால் அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலில், பிள்ளை நிஜமாகவே எடை குறைவா?

பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு பண்ணாதீர்கள். கண்ணால் பார்த்தும் முடிவு பண்ணாதீர்கள். தராசுதான் சொல்லணும். பிறந்த எடை ஐந்து, ஆறு மாதத்தில் இரண்டு மடங்காகவும், ஒரு வயதில் மூன்று மடங்காகவும் ஆகணும். நடுத்தரமாக வளரும் குழந்தை ஒரு வயதில் 9 கிலோவை ஒட்டியும், இரண்டு வயதில் 12 கிலோவை ஒட்டியும், ஐந்து வயதில் 18 கிலோவும் இருக்கும். எல்லாப் பிள்ளையும் இந்த அளவு இருக்கணும் என்று கட்டாயம் இல்லை. அப்பா அம்மா ஒல்லி என்றால் பிள்ளையும் ஒல்லியாக இருக்கலாம். ஆனால் ஒரு வயதில் பெண் குழந்தை 7 கிலோவுக்கும் ஆண் குழந்தை 7.7 கிலோவுக்கும் கீழே இருந்தால், இரண்டு வயதில் பெண் 9 கிலோவுக்கும் ஆண் 9.7 கிலோவுக்கும் கீழே இருந்தால், அது எடை குறைவுதான். "எங்க குடும்பத்து உடல்வாகு அப்படி" என்று விட்டுவிடக் கூடாது.

அங்கன்வாடியில் மாதாமாதம் எடை போட்டு வரைபடத்தில் புள்ளி வைக்கிறார்கள். பச்சையில் இருந்தால் சரி, மஞ்சளில் இருந்தால் கவனம் வேண்டும், அதற்கும் கீழே போனால் உடனே டாக்டரிடம் காட்டணும். இது நம்மில் பலருக்குத் தெரியும். பலரும் கவனிக்காதது கோடு போகும் திசையை. மஞ்சளில் இருந்தாலும் மாதாமாதம் மேலே ஏறுகிற கோடு நல்ல கோடு. பச்சையில் இருந்தும் இரண்டு மூன்று மாதமாகப் படுக்கையாகப் போகிற கோடுதான் ஆபத்து. வங்கிப் பாஸ்புக்கில் நிற்கும் தொகையை மட்டும் பார்க்காமல், மாதாமாதம் வரவு விழுகிறதா என்றும் பார்ப்போம் அல்லவா? அதுபோலத்தான். ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை மாதம் 200 கிராமை ஒட்டி ஏறணும். அதற்குப் பிறகு ஐந்து வயது வரை வருடத்துக்கு 2 கிலோ. எடை குறைந்த பிள்ளை தேறி வருகிறது என்றால் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஏறும். ஒரே வாரத்தில் கொழுகொழு என்று ஆகாது, ஆகவும் வேண்டாம்.

சவலை ஏன் விழுகிறது?

"சவலைப் பிள்ளை" என்று நம்ம பாட்டிகள் சொல்வார்கள். தாய் மறுபடி கர்ப்பமானதும் தாய்ப்பாலை நிறுத்திவிடுவார்கள், மூத்தது இளைத்துப் போகும். இதே விஷயம் கடல் தாண்டியும் இருக்கிறது. 1930-களில், இன்று கானா என்று சொல்லப்படும் ஆப்பிரிக்க நாட்டில் வேலை பார்த்த சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர், வீங்கிப்போய் வந்த குழந்தைகளைப் பார்த்தார். அந்த ஊர்ப் பெண்கள் அதை "குவாஷியோர்கர்" என்றார்கள். அடுத்த பிள்ளை பிறந்ததும் முந்தைய பிள்ளைக்கு வரும் நோய் என்று அதற்கு அர்த்தம். மருத்துவப் புத்தகத்தில் இன்றைக்கும் அந்தப் பெயர்தான். அந்த ஊர்த் தாய்மாருக்கும் நம்ம ஊர்ப் பாட்டிமாருக்கும் இது டாக்டர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது!

கர்ப்பமானால் பால் விஷமாகிவிடும் என்பது மட்டும் சரியில்லை. ஆரோக்கியமான கர்ப்பத்தில் தாய்ப்பாலைத் தொடரலாம். ஏற்கெனவே கரு கலைந்தவர்கள், குறைமாதப் பிரசவம் ஆனவர்கள் மட்டும் நர்ஸைக் கேட்டுச் செய்யுங்கள். தாய்ப்பால் இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம். ஆறு மாதம் முடியும் வரை அது மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். அதன் பிறகு பால் மட்டும் போதாது. பெரும்பாலான பிள்ளைகள் எடை குறைய ஆரம்பிப்பது ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள்தான்.

வயிறு ஒரு டம்ளர்தான்

"நல்லாத்தான் சாப்பிடுது" என்கிற பேச்சுக்கு வருவோம். 8 கிலோ எடையுள்ள பிள்ளையின் வயிறு ஒரு வேளைக்கு ஒரு டம்ளர் அளவுதான் பிடிக்கும். அந்த டம்ளரைத் தண்ணியான கஞ்சி, ரசஞ்சோறு, பிஸ்கட் நனைத்த டீ என்று நிரப்பிவிட்டால் பிள்ளை "போதும்" என்று வாயை மூடிக்கொள்ளும். வயிறு நிறைந்தது உண்மை. ஆனால் உள்ளே போனதில் முக்கால்வாசி தண்ணீர்!

அதனால் செய்ய வேண்டியது மூன்று. கெட்டியாகக் கொடுக்கணும், கொழுப்பு சேர்த்துக் கொடுக்கணும், அடிக்கடி கொடுக்கணும்.

கெட்டி என்றால் கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாமல் ஒட்டி நிற்கணும். கொழுப்பு என்றதும் பயப்பட வேண்டாம். ஒரே எடை மாவில் கிடைக்கிற சக்தியைவிட எண்ணெயில் இரண்டு மடங்குக்கு மேல் சக்தி இருக்கு. பிள்ளையின் சோற்றிலோ இட்லியிலோ ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய், கடலை எண்ணெய் அல்லது நெய் விட்டால், வயிற்றில் இடம் அடைக்காமல் ஒரு சின்ன இட்லி அளவு சக்தி கூடுதலாகப் போய்ச் சேரும். நெய்தான் வேண்டும் என்று இல்லை. வீட்டில் தாளிக்கிற எண்ணெயே போதும். அதற்காக ஒரேயடியாக ஊற்றினால் வயிறு கெடும். வேளைக்கு ஒரு டீஸ்பூனில் ஆரம்பிக்கலாம். சர்க்கரையைக் கொட்டி எடை ஏற்றும் வேலை மட்டும் வேண்டாம். பசியும் போகும், பல்லும் போகும்.

ஒரு வயதுக்கு மேல் மூன்று வேளைச் சாப்பாடும், நடுவில் இரண்டு தடவை சின்னத் தீனியும் வேண்டும். காலையில் இட்லியோ தோசையோ, எண்ணெயும் பருப்புப் பொடியும் தொட்டு. பத்தரை மணிக்குச் சத்துமாவு உருண்டை. மதியம் பருப்பு குழைத்த சோறு, மசித்த கீரை, ஒரு முட்டை. சாயங்காலம் வாழைப்பழம் அல்லது அவித்த சர்க்கரைவள்ளி. ராத்திரி ஏழு மணிக்குள் மறுபடி சோறோ உப்புமாவோ. பலர் வீட்டில் வேலை முடித்து வந்து உலை வைப்பதற்குள் எட்டு மணி ஆகிவிடுகிறது, பிள்ளை பசியோடு தூங்கிப் போகிறது. மதியமே பிள்ளைக்கு மட்டும் ஒரு கிண்ணம் எடுத்து வைத்துச் சூடு பண்ணிக் கொடுத்தால் இந்த ஒரு வேளை மிஞ்சும். கொதிக்க வைத்துத்தான் கொடுக்கணும், வெதுவெதுப்பு போதாது.

வீட்டுச் சத்துமாவு

கேழ்வரகு மூன்று பங்கு, பாசிப்பருப்பு அல்லது பொட்டுக்கடலை ஒரு பங்கு, நிலக்கடலை ஒரு பங்கு. கேழ்வரகை ஒரு ராத்திரி ஊற வைத்து, துணியில் கட்டி முளை விட்டதும் காய வைத்து வறுங்கள். முளை கட்டுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முளை விடும்போது தானியத்தில் உள்ள மாவுச்சத்து உடைய ஆரம்பிக்கும். அதனால் கஞ்சி காய்ச்சும்போது பசை மாதிரி இறுகாது. அதே கிண்ணத்தில் கூடுதல் மாவு போட்டாலும் பிள்ளையால் விழுங்க முடியும். இரும்புச் சத்தும் நன்றாக உடம்பில் சேரும்.

நிலக்கடலையில் கறுத்தது, பூஞ்சை பிடித்தது, சுருங்கியது இருந்தால் பொறுக்கித் தூக்கிப் போடுங்கள். அதில் ஈரலைக் கெடுக்கும் விஷம் இருக்கும், வறுத்தாலும் போகாது. கடலை சேர்ந்த மாவு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், அதனால் பத்து, பதினைந்து நாளுக்கு வேண்டிய அளவு மட்டும் அரையுங்கள். சின்னப் பிள்ளைக்கு முழுக்கடலை கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும்.

அங்கன்வாடியில் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரை கொடுக்கிற சத்துமாவும் நல்ல மாவுதான். அது ஆட்டுக்குட்டிக்குப் போவதை நானே பல வீட்டில் பார்த்திருக்கிறேன். ஆடு நல்லாத் தேறியிருந்தது!

முட்டைக் கணக்கு

நாட்டுக்கோழி முட்டையை விற்று அந்தக் காசில் பிள்ளைக்குப் பிஸ்கட் பாக்கெட் வாங்கினால் அது நஷ்ட வியாபாரம். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கு. பிஸ்கட்டில் மைதாவும் சர்க்கரையும்தான். நாட்டு முட்டைக்கு நல்ல விலை கிடைத்தால் விற்றுவிட்டு, அதே காசில் வெள்ளை முட்டை வாங்கிக் கொடுங்கள், எண்ணிக்கை கூடவே கிடைக்கும். சத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பாலும் அப்படித்தான், முழுவதையும் சொசைட்டிக்கு ஊற்றிவிடாமல் ஒரு டம்ளர் வீட்டில் நிறுத்துங்கள். ஆனால் பசிக்கும்போதெல்லாம் பாலையே கொடுத்தால் பிள்ளை சோறு தின்னாது. டீ, காப்பி சின்னப் பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம். டீ இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாது.

டப்பாவில் வரும் பானங்கள் பற்றி ஒரு வார்த்தை. இவற்றை "ஹெல்த் டிரிங்க்" என்று தலைப்புப் போட்டு விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசு இணைய வணிக நிறுவனங்களுக்குச் சொன்னது. உணவுச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. பல டப்பாக்களில் சர்க்கரைதான் கணிசமாக இருக்கிறது. அந்தக் காசுக்கு எத்தனை முட்டை வரும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

உண்டும் ஏறவில்லை என்றால்

நன்றாகக் கொடுத்தும் எடை ஏறவில்லை என்றால் வயிற்றுப்போக்கு, பூச்சி, சளி, காய்ச்சல் இவற்றில் ஏதோ ஒன்று தின்றதைப் பறித்துக்கொண்டு போகிறது. மாதம் ஒரு தடவை பேதி ஆகிற பிள்ளைக்கு எடை எங்கே நிற்கும்? கழிப்பறையைப் பயன்படுத்துவது, குழந்தையின் மலத்தையும் கழிப்பறையில் கொட்டுவது, ஊட்டும் முன் சோப்புப் போட்டு உங்கள் கையையும் பிள்ளையின் கையையும் கழுவுவது, இதெல்லாம் உணவு கொடுப்பதற்குச் சமமான வேலை.

பேதி ஆகும்போது "தோஷம்" என்று சாப்பாட்டை நிறுத்துவது நம்ம பக்கத்தில் இன்னும் இருக்கிறது. நிறுத்தக் கூடாது. உப்பு சர்க்கரைக் கரைசலோடு தாய்ப்பாலும் குழைந்த சோறும் தொடரணும். துத்தநாக மாத்திரையை 14 நாளும் கொடுக்கணும், பேதி நின்றதும் நிறுத்திவிடக் கூடாது. குணமான பிறகு இரண்டு வாரத்துக்குத் தினமும் ஒரு வேளை கூடுதலாகக் கொடுங்கள். இழந்த எடை அப்போதுதான் திரும்பும். ஒரு வயது முடிந்த பிள்ளைக்கு பிப்ரவரி, ஆகஸ்டு மாதங்களில் பூச்சி மாத்திரை கொடுக்கிறார்கள், தவற விடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ காய்ச்சலோ, வீட்டில் யாருக்காவது காசநோயோ இருந்தால் பிள்ளையையும் பரிசோதிக்கணும்.

பாட்டியிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள், பாட்டியைக் குறை சொல்லாமல் கிண்ணத்தைக் காட்டிச் சொல்லுங்கள். "அத்தை, இந்தக் கிண்ணம் நான் வர்றதுக்குள்ள ரெண்டு தடவை காலியாகணும்" என்றால் அவருக்கும் புரியும். பிள்ளைக்குத் தனித்தட்டு வையுங்கள். பொதுத்தட்டில் அண்ணன்காரன் வேகமாகத் தின்றுவிடுவான், எவ்வளவு போச்சு என்றே தெரியாது. ஆம்பளப் பிள்ளைக்கு முட்டை, பொம்பளப் பிள்ளைக்குக் குழம்பு என்கிற வழக்கத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வரைபடம் நமக்கு முன்னாலேயே இருக்கிறது.

எப்போது காத்திருக்கக் கூடாது?

அங்கன்வாடியில் கையின் மேல்பகுதியைச் சுற்றி ஒரு நாடா வைத்து அளப்பார்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள பிள்ளைக்கு அந்த அளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அது கடுமையான குறைபாடு. இரண்டு பாதத்திலும் கட்டைவிரலால் மூன்று நொடி அழுத்திப் பாருங்கள். விரலை எடுத்த பிறகும் குழி நின்றால் அது நீர். பிள்ளை புஷ்டியாக இருக்கு என்று ஏமாந்துவிடக் கூடாது. பால் குடிக்க மாட்டேன் என்பது, எப்போதும் சோர்ந்து கிடப்பது, வாந்தி நிற்காதது எதுவானாலும் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். இந்த நிலையில் வீட்டில் திடீரென்று நிறையக் கொடுத்தால் உடம்பு தாங்காது. அங்கே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துத் தேற்றுவார்கள். 2022-ல் தமிழக அரசு "ஊட்டச்சத்தை உறுதி செய்" என்ற திட்டத்தைத் தொடங்கி, இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கண்டுபிடித்துச் சிகிச்சையும் சிறப்பு உணவும் கொடுக்க ஏற்பாடு செய்தது. உங்கள் பிள்ளையின் பெயர் அங்கன்வாடிப் பதிவில் சரியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ளவர்கள் தாய் சேய் நல அட்டையையும் எடுத்து வாருங்கள். சேமிப்பு எழுதி முடித்ததும் ஒவ்வொரு பிள்ளையின் கோடும் எந்தத் திசையில் போகிறது என்று சேர்ந்து பார்க்கலாம்.