பழமொழியில் உறைந்த பழம்பொருள்

பேச்சு வழக்கில் ஒரு சொல்லின் பொருள் மாறிய பின்னரும், பழமொழியில் அதன் பழைய பொருள் நிலைத்து நிற்பதுண்டு. ஆங்கிலப் பழமொழிகள் இரண்டு இதற்குச் சான்றாகும்.

1546இல் ஜான் ஹேவுட் வெளியிட்ட நூலிலேயே காணப்படும் 'மோர் ஹேஸ்ட், லெஸ் ஸ்பீட்' என்பதனை, 'விரைவு மிகின் வேகம் குறையும்' எனப் பெயர்த்தால் முரணாகத் தோன்றும். பழைய ஆங்கிலத்தில் 'ஸ்பீட்' என்பது வெற்றி, செழிப்பு ஆகியவற்றைக் குறித்தது. எனவே 'பதற்றம் மிகின் பயன் குறையும்' என்பதே இதன் கருத்தாகும். பயணம் செல்வோரை வாழ்த்தும் 'காட்ஸ்பீட்' என்னும் சொல்லிலும் இப்பொருளே எஞ்சியுள்ளது.

'த புரூஃப் ஆஃப் த புட்டிங் இஸ் இன் தி ஈட்டிங்' என்பதில் 'புரூஃப்' சான்றன்று; சோதனை. 'புட்டிங்' என்பதும் முன்னாளில் இனிப்பன்று. விலங்கின் குடலில் இறைச்சி முதலியவற்றை அடைத்து வேகவைத்த உணவு. அதன் உள்ளீடு நல்லதா என்பது உண்டாலன்றித் தெரியாது. பழம்பொருள் மறக்கப்பட்டதால், இப்பழமொழி இன்று 'சான்று புட்டிங்கில் உள்ளது' என்னும் பொருளற்ற வடிவிலும் வழங்குகின்றது.

ஆகவே மொழிபெயர்ப்பாளரும் இருமொழி அகராதி தொகுப்போரும், சொல்லின் இன்றைய பொருளோடு அமையாது, பழமொழி தோன்றிய காலத்துப் பொருளையும் ஆராய்தல் இன்றியமையாததாகும். இல்லையெனில், சொற்கள் பெயர்க்கப்படும், பழமொழி பெயர்க்கப்படாது.